ஆக்ஸிஜன் இருந்தும் விரியாத நுரையீரல்: பேட்ரிக் கென்னடியின் 39 மணி நேரம்

நல்ல நுரையீரல் என்றாலே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கொள்ளளவுதான். எவ்வளவு காற்றை இழுக்க முடிகிறது, எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடிகிறது, அந்தக் காற்றில் ஆக்ஸிஜன் எவ்வளவு. இந்தக் கணக்கு பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, நன்றாக ஓடும் நுரையீரலைவிட ஓடாமல் நின்றுபோன ஒரு நுரையீரலைப் பார்ப்பது நல்லது. நான் எடுத்துக்கொண்டிருப்பது 1963-இல் அமெரிக்காவில் பிறந்து இரண்டு நாள்கூட முழுதாக வாழாத ஒரு குழந்தையின் கதை. அப்பா அந்நாட்டின் அதிபர் என்பதால் விவரங்கள் பொதுவில் இருக்கின்றன. அதைவிட முக்கியம், அந்தக் குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறைவாகக் கிடைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. அன்று மனிதனால் கொடுக்க முடிந்த உச்ச அளவு கொடுத்தார்கள்.

நடந்தது

1963 ஆகஸ்ட் 7. கேப் காட் கடற்கரைப் பகுதியில் கோடையைக் கழித்துக்கொண்டிருந்த ஜாக்குலின் கென்னடிக்கு, குறித்த தேதிக்கு இன்னும் ஐந்தரை வாரம் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஓடிஸ் விமானப்படைத் தள மருத்துவமனையில் அவசர சிசேரியன். ஆண் குழந்தை, எடை 2.1 கிலோ, பேட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். பிறந்த சிறிது நேரத்திலேயே மூச்சுவிடச் சிரமப்படுகிறான் என்று தெரிந்துவிட்டது. அன்றே ஆம்புலன்ஸில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நோய்க்கு அன்று இருந்த பெயர் ஹயலின் மெம்பரேன் நோய். அதற்கென்று தனி மருந்து கிடையாது. இரத்தத்தின் அமிலத்தன்மையைச் சரிசெய்துகொண்டே, ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே, குழந்தை தானாகத் தேறுகிறதா என்று காத்திருப்பதுதான் வைத்தியம். பச்சிளங்குழந்தைகளை வென்டிலேட்டரில் வைப்பது அப்போதுதான் தொட்டுத் தொட்டுத் தொடங்கியிருந்தது.

நிலைமை மோசமானதும், இதய அறுவைச் சிகிச்சைகளுக்குப் பயன்பட்டுவந்த உயரழுத்த ஆக்ஸிஜன் அறைக்குள் குழந்தையை வைத்தார்கள். ஆகஸ்ட் 9 அதிகாலை 4 மணி தாண்டியதும் இதயம் நின்றது. பிறந்து 39 மணி நேரம்.

இந்த நோயில் குழந்தை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் விளக்கம் முழுவதும் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டி ஓடும். மூச்சை இழுக்கும்போது மார்பு எழும்பாது. விலா எலும்புகளின் நடுவிலும் நெஞ்செலும்புக்குக் கீழேயும் தோல் உள்வாங்கிக் குழியும். மூக்குத் துவாரம் விடைக்கும். மூச்சை விடும்போது தொண்டையிலிருந்து ஒரு முனகல் வரும், ஒவ்வொரு மூச்சுக்கும் தவறாமல். எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரல் வெளுத்துப்போய், நடுவே மூச்சுக்குழல்கள் மட்டும் கறுப்புக் கிளைகளாகத் தெரியும். குழந்தை சும்மா கிடக்கவில்லை, உயிரைக் கொடுத்து இழுக்கிறது. காற்று மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

எது இல்லை?

இந்த வயதுக் குழந்தையின் நுரையீரலில் பெரிய உறுப்புப் பிழை எதுவும் இருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். 34 வாரத்தில் மூச்சுக்குழல் இருக்கிறது, அதன் கிளைகள் இருக்கின்றன, கிளை நுனிகளில் காற்று நுண்ணறைகள் உருவாகிவிட்டன, அவற்றைச் சுற்றி இரத்த நுண்குழாய்களும் வந்துவிட்டன. இழுக்கும் தசைகளும் வேலை செய்கின்றன. இல்லாதது ஒரு படலம். நுண்ணறையின் உள்சுவரில் ஈரத்தின் மேல் பரவியிருக்க வேண்டிய, மிக மெல்லிய கொழுப்புப் படலம்.

நுண்ணறையின் உள்பக்கம் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், இருந்தே ஆக வேண்டும். ஆனால் ஈரம் இருக்கிற இடத்தில் பரப்பு இழுவிசையும் வந்துவிடும். நீரின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். நனைந்த பிளாஸ்டிக் பையின் இரண்டு பக்கங்களும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும் அல்லவா, அந்தச் சிரமம் கோடிக்கணக்கான குட்டிப் பைகளில், நிமிடத்துக்குப் பல முறை.

கணக்கு எளிது. ஒரு குமிழி சுருங்கிவிடாமல் இருக்க உள்ளே எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்றால், இழுவிசையை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுக்க வேண்டும். வயது வந்தவரின் நுண்ணறையின் ஆரம் சுமார் 0.1 மில்லிமீட்டர். உள்ளே வெறும் நீர் மட்டும் இருந்தால், உடல் வெப்பத்தில் அதன் இழுவிசை மீட்டருக்கு 70 மில்லிநியூட்டன். போட்டுப் பார்த்தால் 1,400 பாஸ்கல், அதாவது சுமார் 14 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் வருகிறது. நாம் அமைதியாக உட்கார்ந்து மூச்சிழுக்கும்போது மார்புக்குள் உண்டாகும் அழுத்த மாற்றமே சுமார் 3 சென்டிமீட்டர்தான். பச்சிளங்குழந்தையின் நுண்ணறை இன்னும் சின்னது. ஆரம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகி 28 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆரோக்கியமான குழந்தைகூடப் பிறந்தவுடன் எடுக்கும் முதல் மூச்சுக்கு அப்படிப்பட்ட பெரிய இழுப்பு இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு தடவை திறந்துவிட்டால் திறந்தது திறந்ததுதான், இரண்டாம் மூச்சு லேசாகிவிடும். பேட்ரிக்கைப் போன்ற குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சு.

அந்தப் படலத்தின் பெயர் சர்ஃபாக்டன்ட். நுண்ணறைச் சுவரில் இருக்கும் இரண்டாம் வகைச் செல்கள் அதைச் சுரக்கின்றன. பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு, மீதி புரதம். கர்ப்பத்தின் 24-ஆம் வாரவாக்கில் சுரக்கத் தொடங்கி, சுமார் 35-ஆம் வாரத்தில்தான் போதுமான அளவுக்கு வரும். பேட்ரிக் பிறந்தது அந்தக் கோட்டை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால். சர்ஃபாக்டன்ட் இழுவிசையைக் குறைக்கிறது என்று மட்டும் சொன்னால் அதன் சாமர்த்தியத்தில் பாதி விட்டுப்போகும். மூச்சை விட்டு நுண்ணறை சுருங்கச் சுருங்க, படலத்தின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, இழுவிசை இன்னும் இறங்கி ஏறக்குறைய சுழியத்தைத் தொடுகிறது. ஆக, சின்னதாகும் நுண்ணறைதான் மூடிக்கொள்ளும் ஆபத்தில் இருக்கிறது, சரியாக அங்கேதான் பாதுகாப்பும் அதிகம். ஒரே நுரையீரலில் சின்னதும் பெரியதுமான நுண்ணறைகள் பக்கத்தில் பக்கத்தில் திறந்தே இருக்க முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தெரிந்திருந்ததா?

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர், அன்றைக்கு மருத்துவத்துக்குக் காரணமே தெரியாது என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. கர்ட் ஃபான் நீயர்கார்ட் 1929-லேயே நுரையீரலைக் காற்றாலும் திரவத்தாலும் தனித்தனியாக ஊதிப் பார்த்து, திரவத்தால் ஊதும்போது மிகக் குறைந்த அழுத்தமே போதும் என்று காட்டியிருந்தார். உள்ளே காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பே இல்லையென்றால் பரப்பு இழுவிசையும் இல்லை, அவ்வளவுதான் விஷயம். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு இங்கிலாந்தில் ரிச்சர்ட் பேட்டில் 1955-லும், அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட்ஸ் 1957-லும் வேறு வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார்கள். இரண்டு பேருமே இராணுவ இரசாயன ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்தவர்கள் என்பது ஒரு விசித்திரம்; நச்சுவாயு தாக்கிய நுரையீரலிலிருந்து வரும் நுரை ஏன் உடையவே மாட்டேன் என்கிறது என்ற கேள்விதான் பேட்டிலை இதற்குள் இழுத்தது. அந்த நுரையை உடையாமல் வைத்திருந்தது இந்தப் படலம்தான்.

அப்புறம் மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர். ஹயலின் மெம்பரேன் நோயில் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரை இல்லை, வேறு காரணத்தால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரை இருக்கிறது என்பதை அவர் கவனித்தார். அதுவரை எல்லோரும் அங்கே இருக்கும் கண்ணாடி போன்ற சவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் மூச்சை அடைக்கிறது என்று நினைத்தார்கள். அந்தச் சவ்வு நோயின் காரணம் அல்ல, விளைவு: அடிபட்ட நுண்ணறைக்குள் இரத்தத்திலிருந்து கசிந்து உறைந்த புரதம். ஏவரி இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைப் பார்த்தார். ஜியர் மீட் என்பவரோடு சேர்ந்து, இக்குழந்தைகளின் நுரையீரல் சாற்றில் இழுவிசை இறங்க மாட்டேன் என்கிறது என்று 1959-இல் வெளியிட்டார். ஆய்வு நடந்த ஊர் பாஸ்டன். பேட்ரிக் இறந்த அதே ஊர், நான்கு வருடம் முன்பு. காரணம் அச்சில் இருந்தது, அதை மருந்தாக்கி ஒரு குழந்தையின் நெஞ்சுக்குள் சேர்க்கும் வழிதான் இல்லை.

உயரழுத்த அறை ஏன் காப்பாற்றவில்லை

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இது. நுரையீரலின் திறமை என்பது காற்று உள்ளே வருவதில் இல்லை. காற்றும் இரத்தமும் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில் வருவதில் இருக்கிறது. ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 லிட்டர் காற்று நுண்ணறைகளை அடைகிறது, ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் அவற்றைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. நடுவில் உள்ள சுவர் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. ஒரு சிவப்பணு நுண்குழாயில் இருப்பது முக்கால் நொடி, அதில் முதல் கால் நொடியிலேயே ஆக்ஸிஜன் நிரம்பிவிடும். மீதி அரை நொடி கையிருப்பு. ஓடும்போது, ஏறும்போது, இரத்தம் வேகமெடுக்கும்போது உதவும். பரப்பளவு, மெல்லிய சுவர், நேரக் கையிருப்பு, இவ்வளவும் இருந்தும் நுண்ணறை மூடிக்கிடந்தால் அந்த வழியாகப் போகும் இரத்தத்துக்கு எதனாலும் பயனில்லை. போன மாதிரியே கருநீலமாகத் திரும்பி வரும்.

பாதி நுண்ணறைகள் மூடிவிட்டன என்று வைத்துக்கொள்வோம், இரத்தமோ இரண்டு பாதிக்கும் சமமாகப் போகிறது. திறந்த பாதியிலிருந்து வரும் இரத்தம் 100 விழுக்காடு நிரம்பி வருகிறது, மூடிய பாதியிலிருந்து வருவது போனபடியே 60 விழுக்காட்டோடு வருகிறது. கலந்தால் 80. இப்போது ஆக்ஸிஜனைக் கூட்டுங்கள். திறந்த பாதி ஏற்கெனவே நிரம்பிவிட்டது, ஹீமோகுளோபினில் இடமில்லை. மூடிய பாதிக்கு அந்த ஆக்ஸிஜன் போகவே போகாது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே இருக்கலாம், எண் பெரிதாக அசையாது.

உயரழுத்த அறையை வீண் முயற்சி என்று சொல்லிவிடவும் கூடாது. ஹீமோகுளோபினைத் தாண்டி இரத்த நீரிலேயே ஆக்ஸிஜனைக் கரைக்கலாம் என்பதுதான் அதன் தர்க்கம், அது உண்மையும்கூட: மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால் 100 மில்லி இரத்தத்தில் சுமார் 6 மில்லி கரையும், ஓய்வில் உடல் எடுத்துக்கொள்ளும் அளவு ஏறத்தாழ அதுதான். ஆனால் அதுவும் திறந்த பாதி வழியாகத்தான் வர வேண்டும். அதோடு இரண்டு சிக்கல். கரியமில வாயு வெளியேற அறையின் அழுத்தம் எந்த உதவியும் செய்யாது, அதற்குக் காற்று உள்ளேயும் வெளியேயும் போய் வந்தாக வேண்டும். இன்னொன்று, சாதாரணக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும் நைட்ரஜன் இரத்தத்துக்குள் அவ்வளவாகப் போகாமல் நுண்ணறையிலேயே தங்கி அதைத் தாங்கிப் பிடிக்கிறது. சுத்த ஆக்ஸிஜனை நிரப்பினால் அது முழுக்க உறிஞ்சப்பட்டு, அரைகுறையாகத் திறந்திருந்த அறையும் மூடிக்கொள்ளப் பார்க்கும்.

இதற்குள் இன்னொரு சுழல். ஆக்ஸிஜன் வராத நுண்ணறைக்குப் போகும் இரத்தக் குழாயை நுரையீரல் தானாகவே சுருக்கிவிடும். இதை 1946-இல் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் விளக்கினார்கள். ஒரு மூலையில் மட்டும் கோளாறு என்றால் இது அருமையான ஏற்பாடு, இரத்தம் நல்ல பக்கத்துக்குத் திரும்பிவிடும். நுரையீரல் முழுவதும் ஆக்ஸிஜன் இல்லை என்றால் எல்லாக் குழாயும் ஒன்றாகச் சுருங்கும். பிறந்த குழந்தைக்கு, கருவில் நுரையீரலைச் சுற்றிப்போக இருந்த பழைய வழிகள் இன்னும் முழுதாக அடைபட்டிருக்காது. இரத்தம் அந்த வழியே நுரையீரலையே தொடாமல் ஓடிவிடும். ஆக்ஸிஜன் இன்னும் இறங்கும், இரத்தத்தில் அமிலம் ஏறும், அமிலம் ஏறினால் குழாய்கள் இன்னும் இறுகும், இரண்டாம் வகைச் செல்களின் உற்பத்தியும் படுத்துவிடும். இரண்டு மூன்று நாள் எப்படியாவது ஓட்டிவிட்டால் செல்கள் சர்ஃபாக்டன்ட் சுரக்கத் தொடங்கி, குழந்தை தானாகத் தேறுவது உண்டு. 39 மணி நேரம் என்ற எண்ணை அந்தக் கணக்கோடு வைத்துத்தான் படிக்க வேண்டும்.

முனகலில் இருந்த விடை

விடை குழந்தையின் தொண்டையிலேயே இருந்தது. மூச்சை விடும்போது குரல்வளையைப் பாதி மூடி, காற்று முழுதும் வெளியே போய்விடாமல் பிடித்துவைக்கும் முயற்சிதான் அந்த முனகல். 1968-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைச் சேர்ந்த மருத்துவர்கள், மூச்சுக்குழலில் குழாய் போட்டு முனக முடியாமல் செய்தால் இக்குழந்தைகளின் இரத்த ஆக்ஸிஜன் இறங்குகிறது, குழாயை எடுத்து முனக விட்டால் ஏறுகிறது என்று காட்டினார்கள். வலிக்கு முனகுகிறது என்று நினைத்தால் அதை நிறுத்தத் தோன்றும். அது குழந்தை தனக்குத் தானே செய்துகொண்ட வைத்தியம்.

1971-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரி குழுவினர் அதையே கருவியாக்கினார்கள்: மூச்சை விட்ட பிறகும் காற்றுவழியில் கொஞ்சம் அழுத்தம் தொடர்ந்து நிற்கும்படி ஓர் ஏற்பாடு. இன்று எல்லோரும் சிபாப் என்று சொல்வது. 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தார்கள். இங்கே கொடுத்தது கூடுதல் ஆக்ஸிஜன் அல்ல, நுரையீரலைக் காலியாகவிடாமல் இருப்பது, அவ்வளவே. நம் எல்லோருக்கும் இது பொருந்தும். வயது வந்தவர் சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும் உள்ளே 2 லிட்டருக்கு மேல் காற்று மிச்சம் இருக்கும். ‘கெட்ட காற்று தேங்கியிருக்கிறது, முழுக்க வெளியேற்றுங்கள்’ என்று அறிவுரை சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அந்த மிச்சம்தான் அடுத்த மூச்சை லேசாக்குகிறது, இரண்டு மூச்சுக்கு நடுவிலும் இரத்தத்துக்கு ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நம்மை அறியாமல் அவ்வப்போது ஒரு பெருமூச்சு விடுகிறோமே, அதுவும் வேலையில்லாமல் வருவதில்லை. மூடத் தொடங்கிய நுண்ணறைகளை அது திறந்துவிடுகிறது, நுண்ணறை நீளும்போது இரண்டாம் வகைச் செல்கள் புது சர்ஃபாக்டன்டையும் வெளியே விடுகின்றன.

சர்ஃபாக்டன்டையே மருந்தாகக் கொடுக்கும் முயற்சி 1960-களிலேயே நடந்தது, பலிக்கவில்லை. அதில் உள்ள முதன்மையான கொழுப்பை மட்டும் எடுத்துப் புகையாகத் தெளித்தார்கள். அந்தக் கொழுப்பு இளகுவது 41 டிகிரி செல்சியஸில், உடலோ 37. பரவவே மாட்டேன் என்று விறைத்து நிற்கும். அதைப் பரவ வைப்பது அந்தப் பத்தில் ஒரு பங்குப் புரதம்தான் என்பது பிறகுதான் தெளிவானது. 1980-இல் ஜப்பானில் தெட்சுரோ ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழலுக்குள் நேராக ஊற்றி வெற்றி கண்டார். இதற்கு இடையில், நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டிகளில் வேறொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு பெற்ற குட்டிகள் பிறந்து வாழ வாய்ப்பே இல்லாத மாதத்திலும் மூச்சுவிடுவதைப் பார்த்தார். அவரும் சக மருத்துவர் ஹோவியும் 1972-இல், குறைமாதப் பிரசவம் வரப்போகும் தாய்க்கு முன்கூட்டியே அந்த ஊசியைப் போட்டால் குழந்தையின் நுரையீரல் வேகமாக முதிர்கிறது என்று மனிதர்களிடமும் நிறுவினார்கள்.

அதே குழந்தை இன்று பிறந்தால்

34 வாரம் தாண்டி, 2.1 கிலோ, அவசர சிசேரியன். தாய்க்கு ஸ்டீராய்டு போட நேரம் இருந்திருக்காது. பிறந்த அறையிலேயே மூக்கில் சிபாப் மாட்டுவார்கள், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். ஆக்ஸிஜன் தேவை 30 விழுக்காட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், மெல்லிய குழாய் ஒன்றை மூச்சுக்குழலுக்குள் விட்டு சர்ஃபாக்டன்ட் கொடுப்பார்கள். பன்றி நுரையீரலிலிருந்து எடுக்கும் வகை என்றால் கிலோவுக்கு 2.5 மில்லி, அதாவது இந்தக் குழந்தைக்கு ஐந்தேகால் மில்லி. மருந்து உள்ளே போன சில நிமிடங்களில் ஆக்ஸிஜன் அளவு ஏறும், குழிந்துகொண்டிருந்த விலா இடைவெளிகள் நிரவும். குழந்தை வென்டிலேட்டரில் இருந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் மானிட்டர் எண்ணைப் பார்த்து ஆசுவாசப்பட்டு நகர்ந்துவிடக் கூடாது, அழுத்தத்தைக் கையோடு குறைக்க வேண்டும். விறைத்துக்கிடந்த நுரையீரலைத் திறக்கத் தேவைப்பட்ட அதே அழுத்தம் இளகிய நுரையீரலுக்கு மிக அதிகம், அப்படியே விட்டால் நுண்ணறை கிழிந்து காற்று மார்புக்கூட்டுக்குள் கசிந்துவிடும்.